இஸ்திகாரா தொழுதும் நட்டமா?

சென்ற வாரம் இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் வீதியில் ஆயத்த ஆடைக் கடை வைத்திருக்கும் ஓர் இளைஞர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றார்.

"நானா, கடை வாடகை எண்பத்தையாயிரம். வருகிறவர்கள் துணியைத் தொட்டுப் பார்க்கிறார்கள், விலையைக் கேட்கிறார்கள், போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வீட்டிலிருந்து பேஸ்புக்கில் விற்கிறவன் என்னைவிடக் கூட விற்கிறான். கடையைக் கொடுத்துவிட்டு நானும் அப்படிச் செய்யலாமா என்று மூன்று இரவு இஸ்திகாரா தொழுதேன். கனவு ஒன்றும் வரவில்லை. இப்போது என்ன செய்வது?"

கேட்டவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். முகத்தில் உறக்கம் இல்லை. அவருக்கு அன்று படியில் நின்றவாறு சொன்ன பதில் போதாது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன். ஆகவே இவ்வாரப் பத்தியை அவருக்காகவும், அவரைப் போல மாறிவரும் காலத்தின் நடுவே நின்று விழிக்கும் ஏனைய வியாபாரச் சகோதரர்களுக்காகவும் எழுதுகின்றேன். இதில் என் சொந்தக் கணக்கும் வருகிறது. எழுதுவதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிடவை வியாபாரம் செய்கிறவனுக்கு வருடத்தில் ஒரு மாதம்தான் வருடம். றமழான் பிறை பதினைந்துக்குப் பின்னர் தொடங்கி பெருநாள் இரவு வரை விற்பதை வைத்துத்தான் மிகுதிப் பதினொரு மாத வாடகையும் சம்பளமும். அந்தப் பருவம் எங்களுக்குத் தொடர்ந்து நான்கு வருடம் கைவிட்டுப் போனது. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல். அதன் பின் வந்த நோன்பில் நமது கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற பிரசாரம், மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் எரிந்த கடைகள். என்னுடைய வாடிக்கையாளரில் பாதிப் பேர் சிங்களச் சகோதரர்கள், அவர்கள் வரவில்லை. நம் பெண்கள் அபாயா அணிந்து பஸ்ஸில் ஏறவே பயந்த காலம், அவர்களும் வரவில்லை. 2020இல் கொரோனா. மே 24ஆம் திகதி பெருநாளன்று நாடு முழுவதும் ஊரடங்கு. புது உடுப்பு வாங்கக் கடைவீதிக்குப் போக வேண்டாம் என்று நம்மவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். சரியான பேச்சுத்தான், ஆனால் சொன்னவன் ஒரு பிடவைக் கடைக்காரன் என்றால் அவன் நெஞ்சு எப்படி இருந்திருக்கும்! 2021இல் மே 14 பெருநாள், அதற்கு முந்திய இரவு பதினொரு மணியிலிருந்து பயணத்தடை. 2022இல் ரூபாவே விழுந்துவிட்டது.

இந்த நான்கில் முதலாவதும் இரண்டாவதும் அல்லாஹ்வின் சோதனை. ஆனால் இரண்டாவதில் நான் பட்ட நட்டத்தில் பெரும் பங்கு என்னுடைய பிழை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

2019இல் மிஞ்சிய சரக்கு இரண்டு கடையிலும் அடுக்கிக் கிடந்தது. அடுத்த பெருநாளில் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில் 2020 ஜனவரியில் புறக்கோட்டைக்குப் போனேன். சம்மாங்கோட்டுப் பள்ளியில் ளுஹர் தொழுதேன். அந்தத் தொழுகையில் என் மனம் இருக்கவில்லை. சரி, மனம் கணக்கிலாவது இருந்ததா என்றால் அங்கும் இருக்கவில்லை. வெளியே வந்து, வழமையாகக் கொள்வனவு செய்யும் மொத்த வியாபாரியிடம் இருபத்தைந்து இலட்சத்துக்குச் சரக்கெடுத்து, திகதி போட்ட செக் பதினொன்று எழுதிக் கொடுத்தேன். அந்த மனிதரே கேட்டார், "போன வருடச் சரக்கு முடிந்துவிட்டதா?" என்று. "தவக்கல்து அலல்லாஹ், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்றேன்.

வீட்டில் மனைவியிடம் கேட்கவில்லை. மகனிடம் கேட்கவில்லை. எவ்வளவு கடன் இருக்கிறது என்று ஓர் இடத்தில் எழுதிப் பார்க்கவும் இல்லை. பிடிவாதத்துக்குத் தவக்குல் என்று பெயர் வைத்திருந்தேன். (நமது கடைத்தெருவில் இப்படிப் பெயர் மாறிய சொற்கள் இன்னும் இருக்கின்றன. "இன்ஷா அல்லாஹ் நாளைக்குத் தருகிறேன்" என்றால் தரமாட்டேன் என்று பொருள் என்பது கடன் கேட்டுப் போனவர்களுக்குத் தெரியும். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.)

மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. செக்குகள் திரும்பின.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை நாம் எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருக்கின்றோம். எனக்கு அதைவிட ஆழமாகப் பதிந்தது ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159ஆவது வசனத்திலுள்ள வரிசை. உஹத் யுத்தத்தின் காயங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்த வசனம் வருகிறது. அதில் முதலில் ஆலோசனை, அதன் பின்னர் முடிவு, அதற்கும் பின்னர்தான் தவக்குல். நபியவர்களுக்கே வரிசை அப்படி இருக்கும்போது, நான் முடிவை முதலில் எடுத்தேன், தவக்குலை அதன் மேல் முத்திரையாகக் குத்தினேன், ஆலோசனையை அறவே விட்டுவிட்டேன்.

வாப்பா இப்படிச் செய்தவரல்லர். 1977க்கு முன்னர் துணி இறக்குமதி சலுசல கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்த காலத்தில் அவர் மருதமுனைக் கைத்தறிச் சாறத்தையே பெரும்பாலும் விற்றார். திறந்த பொருளாதாரம் வந்து வெளிநாட்டுத் துணி குவிந்தபோது கைத்தறிக்கு விழுந்த அடி யாவரும் அறிந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. ஒரு மாதம் அவர் புதிதாக எதுவும் வாங்கவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பின் வேறு வேறு ஊர்க் கடைக்காரர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நான் மடியில் உறங்கிப் போவேன். பிறகுதான் கொழும்புக்குப் போனார்.

2021 பெருநாளும் பயணத்தடையில் போன பின்னர்தான் நானும் அப்படி உட்கார்ந்தேன். மனைவி, மூத்த மகன், ஓய்வுபெற்ற கணக்கியல் ஆசிரியர் ஒருவர், நான்காவது ஆளாக, யாரும் நம்பமாட்டீர்கள், எனக்குச் சரக்குத் தந்த அதே மொத்த வியாபாரி. கடன்காரனோடு கடன் கொடுத்தவர் மஷூராவுக்கு உட்காருவதா என்று மகன் கேட்டான். அவரைவிட என் கடையை அறிந்தவர் வேறு யார்? சூரதுல் பகராவில் கஷ்டத்திலுள்ள கடன்காரனுக்கு அவகாசம் கொடுப்பதைப் பற்றி வரும் வசனத்தை அவர் எனக்கு ஓதிக் காட்டவில்லை. செய்து காட்டினார். அவருக்கும் மேலே கொடுக்க வேண்டியவர்கள் இருந்தார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்துகொண்டேன்.

ஆசிரியர் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு மொத்தம் எவ்வளவு கடன்?" எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பது வருட வியாபாரி! ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, பதினொரு இரவு உட்கார்ந்து எழுதினோம். மொத்த வியாபாரிக்கு இருபத்தொரு இலட்சம். வங்கி மேலதிகப்பற்று பன்னிரண்டு இலட்சம். ஆம், வட்டிதான், மறைக்கவில்லை. காணி விற்ற காசில் தங்கச்சி தந்து, ஒருநாளும் திருப்பிக் கேட்காத ஐந்து இலட்சம். ஆக முப்பத்தெட்டு.

அதன் பிறகு ஒரே ஒரு கேள்விக்காக இஸ்திகாரா தொழுதேன். இரண்டாவது கடையைக் கொடுத்துவிடுவதா? கனவு எனக்கும் வரவில்லை. ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் புகாரி ஹதீஸில் இரண்டு ரக்அத்தும் துஆவும்தான் இருக்கின்றன, கனவைப் பற்றி அங்கே எதுவும் இல்லை என்று பின்னர் மௌலவி ஒருவர் விளக்கினார். தொழுதுவிட்டு, மஷூராவில் எல்லோரும் சரியென்று கண்டதைச் செய்யத் தொடங்கினேன். வழி தடங்கலில்லாமல் திறந்தது. கட்டட உரிமையாளர் முற்பணம் ஆறு இலட்சத்தையும் பேச்சில்லாமல் தந்தார். டிசம்பர் வரை கழிவு விலையில் சரக்கை விற்றதில் இருபத்தொன்பது இலட்சம் வந்தது. மிகுதி மூன்றுக்கு மனைவி தன் காப்புகளைக் கழற்றித் தந்தார். 2022 ஜனவரி முடிவில் கொப்பியின் அந்தப் பக்கத்தில் கோடு போட்டு மூடினோம். அன்றிரவு நான் உறங்கியது போல் பல வருடம் உறங்கவில்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நானும் உங்களுக்கு நல்லதொரு பயான் எழுதி முடித்திருப்பேன்.

மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவைத் தளர்த்தியது. டொலர் 203 ரூபாவிலிருந்து மே மாதத்தில் 360 வரை போனது. இறக்குமதிக்கு வங்கிகளில் டொலர் இல்லை. நான் யார் 650 ரூபாவுக்குக் கழித்துத் தள்ளிய துணியை, நான்கு மாதம் கழித்து மொத்த விலையிலேயே 1,300 ரூபாவுக்கும் எடுக்க முடியவில்லை. எனக்கு நேரெதிரே உள்ள கடைக்காரர் எதையும் விற்காமல் வைத்திருந்தார். மஷூராவும் செய்யவில்லை, சோம்பலில் அப்படியே கிடந்த சரக்கு அது. விலை இரண்டு மடங்கானது. அவர் அடுத்த வருடம் மேல்மாடி கட்டினார். அல்லாஹ் அவருக்குப் பரக்கத் செய்யட்டும், அவர் பதுக்கியவர் அல்லர். ஆனால் அந்த மாடியின் கொங்கிறீட் போட்ட அன்று நான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு என்ன நினைத்தேன் என்பது எனக்கும் என் ரப்புக்கும் தெரியும். நான் கேட்டுத்தானே செய்தேன், கேட்காதவனுக்கு மாடியும் கேட்டவனுக்குக் கையிருப்பில்லாத கடையுமா?

இந்தக் கேள்வியைப் பல மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஈமானில் குறை என்று நினைப்பார்கள் என்ற பயம். கடைசியில் அந்த மௌலவியிடமே சொன்னேன். அவர் கண்டிக்கவில்லை. "துஆவை மனப்பாடமாக ஓதுவீர்களா?" என்றார். ஓதினேன். "பொருள் தெரிந்தா?" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து, கணக்குக்காரர்கள் போடுவது போல மூன்று பத்தி கிழித்தார். அந்த துஆவில் நாம் நன்மை கேட்பது மூன்று இடத்தில்: முதலில் தீன், அடுத்தது வாழ்வாதாரம், மூன்றாவது காரியத்தின் முடிவு. "நீங்கள் நடுப் பத்தியை மட்டும் கூட்டிவிட்டு, விடை பிழை என்கிறீர்கள். மற்ற இரண்டையும் எழுதுங்கள்" என்றார்.

எழுதினேன். முதல் பத்தியில் வட்டி போயிருந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே நாளில் ஏழு புள்ளிகள் கூட்டியபோது, மேலதிகப்பற்று எடுத்திருந்த என் நண்பர்கள் நோன்பு திறக்கும் நேரத்திலும் வங்கி முகாமையாளரின் அழைப்பை எதிர்பார்த்திருந்தார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இருக்கவில்லை. திங்கட்கிழமை எந்தச் செக் போகும் என்று ருகூவிலும் ஸுஜூதிலும் எண்ணுவது நின்றிருந்தது. பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்த அந்த நாட்களில் இருட்டில் தராவீஹ் தொழுதோம். சில வருடங்களுக்குப் பிறகு இமாம் என்ன ஓதினார் என்பது காதில் விழுந்தது. தங்கச்சியின் காசு, அவர் பிள்ளை வெளிநாடு போகப் பணம் தேடிய நேரத்தில் கையில் இருந்தது.

நடுப் பத்தி நட்டம்தான். அதை இலாபம் என்று சுற்றி வளைத்துச் சொல்ல நான் வரவில்லை. கையில் இருந்திருந்தால் ஒரு கோடியாகியிருக்கக்கூடிய சரக்கை நான் இழந்தேன். செக் திரும்பி, மொத்த வியாபாரி நீதிமன்றம் போயிருந்தால் அந்தச் சரக்கு என்னிடம் இருந்திருக்குமா என்பது வேறு விடயம்; நடக்காததைக் கணக்கில் எழுதக்கூடாது என்பார் அந்த ஆசிரியர். மூன்றாவது பத்தி இன்னும் வெற்றாகத்தான் கிடக்கிறது. முடிவு இன்னும் வரவில்லையே!

மனைவியின் காப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைக் கடனாகவே எழுதிக்கொண்டோம். அது அவருடைய சொத்து. ஆனால் ரூபாவாகவா பவுணாகவா திருப்பிக் கொடுப்பது என்று எழுதவில்லை. பவுண் விலை அன்றிலிருந்து இரு மடங்குக்கும் மேல் போய்விட்டது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்று மேடையில் பேசியவன் நான். இப்போது வீட்டில் தினமும் நினைவுபடுத்தப்படுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பவுணாகவே கொடுத்து வருகிறேன், இன்னும் ஒரு காப்பு பாக்கி.

இழந்ததைப் பற்றிப் பேசும்போது எனக்குப் புத்தளத்தில் சந்தித்த ஒரு பெரியவரின் நினைவு வரும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து நம் மக்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, சரக்கு நிறைந்த கடையின் சாவியை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர். முகாமுக்கு வந்து மூன்றாம் நாள் அவர் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்ட முதல் கேள்வி: "இங்கே சந்தை எந்த நாள் கூடும்?" மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி), ஸஅத் இப்னு ரபீஉ (ரழி) தன் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, பரக்கத்துக்கு துஆ செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார்கள். தயிர்க்கட்டியும் நெய்யும் விற்றுத்தான் தொடங்கினார்கள். அந்தப் பெரியவருக்கு இந்த வரலாறு தெரிந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. சாவியை அவர் என்னிடம் காட்டினார். வைத்திருந்தார், ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

நானும் இப்போது ஒரு கடையோடும், வீட்டின் பின்புறம் மூன்று தையல் மெஷினோடும் இருக்கிறேன். பாடசாலைச் சீருடை தைக்கிறோம். பெருநாள் வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் ஜனவரி வரும். மகன் வட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கிறான். எனக்கு அது புரிவதில்லை, புரிந்தது போல் தலையாட்டுகிறேன்.

அந்த இளைஞரிடம் அன்று படியில் வைத்துச் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, கனவுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு கொப்பி வாங்கி, உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும், வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வெள்ளிக்கிழமை வாருங்கள்."

வந்தார். இரண்டு பக்கம் எழுதியிருந்தார். வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஒன்லைன் வியாபாரத்தைப் பற்றி அவர் நினைத்திருந்ததற்கும், அதைச் செய்கிற ஒருவரிடம் கேட்டு எழுதியதற்கும் நிறைய வித்தியாசம். கூரியரில் அனுப்பும் பார்சல்களில் கணிசமானவை, வீட்டில் ஆளில்லை, நிறம் பிடிக்கவில்லை என்று திரும்பி வருகின்றனவாம். போக வரக் கூலி விற்றவன் தலையில். அதை அவர் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. மறுபுறம், இத்தனை நாளும் கடையில் விற்பவற்றில் எது இலாபம் தருகிறது என்பதையும் அவர் பார்த்திருக்கவில்லை. பிள்ளைகள் உடுப்பில்தான் ஏதோ மிஞ்சுகிறது, ஆண்கள் ஷேர்ட்டில் வாடகைக்கே போதவில்லை.

"இப்போது என்ன செய்யச் சொல்கிறீர்கள்?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையில் தெரியாது. அவருடைய அண்ணன் கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கிறார், கடையில் அவருக்கும் பங்கு உண்டு. அவரிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லையாம். வரும் ஞாயிறு அஸருக்குப் பின் மூவரும் உட்காருவதாகப் பேசியிருக்கிறோம். கொப்பியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

"நானா, அதற்குப் பிறகு திரும்பவும் இஸ்திகாரா தொழ வேண்டுமா?"

"தொழுங்கள். இப்போது கேட்பதற்கு உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது."